செர்வோ போர்டை ரோபோ மென்பொருளுடன் இணைப்பது எப்படி? திரையில் சரியாக ஓடும் ரோபோ கை மேஜையில் ஏன் தடுமாறுகிறது?

லேப்டாப் திரையில் ரோபோ கை அழகாக நீள்கிறது, வளைகிறது, பொருளை எடுத்து வைக்கிறது. அதே நிரலை நிஜக் கையுடன் இணைத்ததும் கதை மாறிவிடுகிறது. மூட்டுகள் நடுங்குகின்றன. கை திடீரென்று ஒரு பக்கமாகப் பாய்கிறது. சில நேரம் ராஸ்பெர்ரி பை கம்ப்யூட்டரே ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது.

இ-யந்த்ரா போன்ற ரோபோ போட்டிகளுக்குத் தயாராகும் மாணவர்கள் முதல், வார இறுதியில் வீட்டில் ரோபோ கை கட்டிப் பார்க்கும் ஐடி ஊழியர்கள் வரை பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் இது. மோட்டாருக்கும் மென்பொருளுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் சின்ன செர்வோ கண்ட்ரோலர் போர்டுதான் விஷயம்.

இந்த இணைப்பில் புரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, கை உண்மையில் எங்கே நிற்கிறது என்று இந்த போர்டு மென்பொருளுக்குத் திருப்பிச் சொல்லாது. இரண்டு, மென்பொருள் பாதியில் நின்றுபோனாலும் போர்டுக்கு அது தெரியாது. கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். இந்த இரண்டையும் கணக்கில் எடுக்காமல் வயர் மாட்டினால் மோட்டார் கருகலாம், விரலும் நசுங்கலாம்.

எடுத்துக்காட்டாக, ஆறு மூட்டுகள் கொண்ட ஒரு மேஜை ரோபோ கையை எடுத்துக்கொள்வோம். மோட்டார்கள் எம்ஜி996ஆர். போர்டு பிசிஏ9685. கம்ப்யூட்டர் ராஸ்பெர்ரி பை 4. மென்பொருள் ராஸ் 2. சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்.பி. ரோடு, மும்பை லாமிங்டன் ரோடு, டெல்லி லஜ்பத் ராய் மார்க்கெட் என எந்த எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவுக்குப் போனாலும் எளிதாகக் கேட்டு வாங்கக்கூடிய பொருட்கள்தான் இவை.

செர்வோ மோட்டாருக்கு என்ன மொழி புரியும்?

சாதாரண ஹாபி செர்வோவில் மூன்று வயர்கள் இருக்கும். பவர், கிரவுண்ட், சிக்னல். உள்ளே ஒரு சின்ன மோட்டார், பல்சக்கரங்கள், தண்டின் கோணத்தை அளக்கும் ஒரு பொட்டென்ஷியோமீட்டர், ஒரு குட்டி சர்க்யூட்.

"45 டிகிரிக்குப் போ" என்று செர்வோவிடம் நேரடியாகச் சொல்ல முடியாது. அதற்குப் புரிவது பல்ஸின் நீளம் மட்டும்தான். வழக்கமாக 20 மில்லி செகண்டுக்கு ஒரு முறை, அதாவது விநாடிக்கு 50 முறை, சிக்னல் வயரில் ஒரு பல்ஸ் வர வேண்டும். அந்த பல்ஸ் 1.5 மில்லி செகண்ட் நீளம் இருந்தால் தண்டு நடுவில் நிற்கும். 1 மில்லி செகண்ட் என்றால் ஒரு பக்கம், 2 மில்லி செகண்ட் என்றால் மறுபக்கம். பல மோட்டார்கள் 0.5 முதல் 2.5 மில்லி செகண்ட் வரையிலும் ஏற்றுக்கொள்ளும். இது மாடலுக்கு மாடல் மாறும்.

கோணத்தை அளந்து திருத்திக்கொள்ளும் வேலை முழுவதும் மோட்டாருக்கு உள்ளேயே முடிந்துவிடுகிறது. அந்த அளவு வெளியே வருவதற்கு நான்காவது வயர் கிடையாது. முதலில் சொன்ன சிக்கலின் வேர் இதுதான்.

நேராக ராஸ்பெர்ரி பையிலேயே மாட்டினால் என்ன?

ஒன்றிரண்டு மோட்டார் என்றால் மாட்டலாம். ஆனால் ராஸ்பெர்ரி பை 4-ல் ஹார்டுவேரே பல்ஸ் உருவாக்கும் தனித்தனி சேனல்கள் இரண்டுதான். மீதியை நிரல் மூலம் உருவாக்க வேண்டும். லினக்ஸ் ஒரே நேரத்தில் பல வேலைகளைப் பார்க்கும் சிஸ்டம். பல்ஸை முடிக்க வேண்டிய நொடியில் அது வேறு வேலைக்குப் போய்விட்டால் பல்ஸ் சில மைக்ரோ செகண்ட் நீண்டுவிடும். அதைத்தான் மோட்டாரில் நடுக்கமாகப் பார்க்கிறீர்கள்.

இதற்காகத்தான் தனி போர்டு. பிசிஏ9685 என்பது என்எக்ஸ்பி நிறுவனத்தின் சிப். அடிப்படையில் இது எல்இடி விளக்குகளின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வடிவமைக்கப்பட்டது. 16 சேனல்களில் துல்லியமான பல்ஸ் தருவதால் செர்வோ உலகம் இதைத் தத்தெடுத்துக்கொண்டது. சொந்தமாக 25 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் இருப்பதால், ஒரு முறை எண்ணை எழுதிவிட்டால் போதும். பிறகு பல்ஸ் தானாக வந்துகொண்டே இருக்கும்.

கம்ப்யூட்டரும் போர்டும் பேசிக்கொள்வது ஐ2சி என்ற இரண்டு வயர் பாதையில். ஒன்று தரவுக்கு, மற்றது கடிகாரத் துடிப்புக்கு.

வயரிங்: எங்கே கவனம் தேவை?

இந்த போர்டில் இரண்டு தனித்தனி பவர் இணைப்புகள் உண்டு. பெரும்பாலான விபத்துகள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருபவை.

சிப்புக்கான பவர்: விசிசி என்று எழுதியிருக்கும் பின். இதை ராஸ்பெர்ரி பையின் 3.3 வோல்ட் பின்னில், அதாவது பின் 1-ல் மாட்டுங்கள். 5 வோல்ட் வேண்டாம். போர்டில் உள்ள ரெசிஸ்டர்கள் ஐ2சி வயர்களை விசிசி மின்னழுத்தத்துக்கே இழுத்து வைக்கும். ராஸ்பெர்ரி பையின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது.

தரவு வயர்கள்: எஸ்டிஏ பின் 3-க்கு, எஸ்சிஎல் பின் 5-க்கு.

மோட்டாருக்கான பவர்: வி பிளஸ் என்று எழுதியிருக்கும் திருகு டெர்மினல். இங்கே தனி பவர் சப்ளைதான் வர வேண்டும். ராஸ்பெர்ரி பையின் 5 வோல்ட் பின்னிலிருந்து எடுக்கவே கூடாது. மோட்டார்கள் ஒன்றாகக் கிளம்பும்போது மின்னழுத்தம் விழும், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும்.

கிரவுண்ட்: பவர் சப்ளை, போர்டு, ராஸ்பெர்ரி பை ஆகிய மூன்றின் கிரவுண்டும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். இதை மறந்தால் சிக்னலுக்கு அளவுகோலே இல்லாமல் போய்விடும். மோட்டார் கண்டபடி ஆடும்.

எவ்வளவு ஆம்பியர் சப்ளை வேண்டும்?

எம்ஜி996ஆர் மோட்டார் எதிலாவது முட்டிக்கொண்டு நகர முடியாமல் நின்றால், 6 வோல்ட்டில் சுமார் 2.5 ஆம்பியர் இழுக்கும். ஆறு மோட்டாரும் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டால் 15 ஆம்பியர். அது அபூர்வம்தான். ஆனால் கை கிளம்பும் நொடியில் எல்லா மோட்டாரும் சேர்ந்து கணிசமாக இழுக்கும். எல்இடி போர்டுகளுக்காகக் கடைகளில் விற்கும் 5 வோல்ட், 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் இந்தக் கைக்கு நல்ல தொடக்கம். ஒரு ஃபியூஸும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த எஸ்எம்பிஎஸ் பெட்டிகளில் ஒரு எச்சரிக்கை உண்டு. 230 வோல்ட் வரும் திருகுகள் 5 வோல்ட் திருகுகளுக்குப் பக்கத்திலேயே திறந்தபடி இருக்கும். மூடி இல்லாமல் பயன்படுத்தக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் வயரைத் தொட வேண்டும்.

வி பிளஸ் டெர்மினலுக்கு அருகில் பெரிய கெபாசிட்டர் மாட்ட போர்டில் இடம் இருக்கும். மோட்டார் ஒன்றுக்கு 100 மைக்ரோ ஃபாரட் என்பது நடைமுறைக் கணக்கு. ஆறு மோட்டாருக்கு 600 வருகிறது, கடையில் எளிதாகக் கிடைக்கும் 1000 மைக்ரோ ஃபாரட் தாராளம். துருவம் மாறாமல் மாட்டுங்கள்.

போர்டு கம்ப்யூட்டரின் கண்ணில் படுகிறதா?

ரோபோ மென்பொருளைத் திறப்பதற்கு முன் இந்தச் சோதனை கட்டாயம். மோட்டார் பவரை ஆஃப் செய்துவிடுங்கள். ராஸ்பெர்ரி பையின் செட்டிங்கில் ஐ2சி ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஐ2சி டிடெக்ட் என்ற கமாண்டை பஸ் எண் 1-க்கு ஓட்டினால் திரையில் ஒரு கட்டம் வரும். அதில் 40 என்ற எண் தெரிந்தால் போர்டு பேசுகிறது என்று பொருள். இந்த முகவரி பதினாறடிமான எண்ணில் எழுதப்படுவது.

கூடவே 70 என்று இன்னொரு எண்ணும் தெரியும். இரண்டாவது போர்டு எங்கிருந்து வந்தது என்று பதறத் தேவையில்லை. ஒரே பாதையில் உள்ள எல்லா பிசிஏ9685 சிப்புகளையும் ஒன்றாகக் கூப்பிடுவதற்கான பொது முகவரி அது.

எதுவுமே தெரியவில்லையா? எஸ்டிஏ, எஸ்சிஎல் வயர்கள் இடம் மாறியிருக்கலாம். விசிசி வராமல் இருக்கலாம். பின்களுக்கு சால்டர் சரியாகப் பிடிக்காமல் இருக்கலாம். இந்த வரிசையிலேயே பாருங்கள்.

கோணம் எப்படி எண்ணாக மாறுகிறது?

ரோபோ மென்பொருள் கோணத்தை ரேடியனில் பேசும். செர்வோவுக்கு மைக்ரோ செகண்ட் வேண்டும். போர்டுக்கோ 0 முதல் 4095 வரை ஓர் எண் வேண்டும். இந்த மூன்று மொழிகளுக்கும் இடையே மொழிபெயர்ப்பது உங்கள் நிரலின் வேலை.

போர்டு ஒவ்வொரு 20 மில்லி செகண்டையும் 4096 துண்டுகளாக வெட்டுகிறது. ஒரு துண்டு சுமார் 4.88 மைக்ரோ செகண்ட். விநாடிக்கு 50 பல்ஸ் கிடைக்க, சிப்பில் உள்ள பிரீஸ்கேல் என்ற இடத்தில் 121 என்று எழுத வேண்டும். 25 மெகாஹெர்ட்ஸை 4096-ஆலும் 50-ஆலும் வகுத்தால் 122 வரும், அதில் ஒன்றைக் கழித்தால் 121. தயார் நிலையில் கிடைக்கும் லைப்ரரிகள் இதை உங்களுக்காகச் செய்துவிடும்.

இப்போது தோள்பட்டை மோட்டாரை எடுத்துக்கொள்வோம். அளந்து பார்த்ததில் மைனஸ் 90 டிகிரிக்கு 600 மைக்ரோ செகண்ட், பிளஸ் 90 டிகிரிக்கு 2400 மைக்ரோ செகண்ட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1800 மைக்ரோ செகண்டில் 180 டிகிரி. ஒரு ரேடியனுக்கு சுமார் 573 மைக்ரோ செகண்ட். மென்பொருள் 0.5 ரேடியன் என்று கேட்டால் கணக்கு இப்படி:

நடு நிலை 1500, அதோடு 0.5 பெருக்கல் 573, மொத்தம் சுமார் 1786 மைக்ரோ செகண்ட். இதை 4.88-ஆல் வகுத்தால் 366. போர்டுக்கு எழுத வேண்டிய எண் இதுதான்.

இதே கணக்கு இன்னொரு உண்மையையும் காட்டிக்கொடுக்கிறது. ஒரு துண்டு மாறினால் கோணம் சுமார் 0.49 டிகிரி மாறும். கை 25 சென்டிமீட்டர் நீட்டியிருந்தால் நுனியில் அது 2 மில்லிமீட்டர். திரையில் நீங்கள் எவ்வளவு நுணுக்கமாகப் பாதை போட்டாலும் இந்தக் கை 2 மில்லிமீட்டர் படிகளில்தான் நகரும். ஊசியில் நூல் கோர்க்கும் வேலைக்கு இது ஆகாது. பந்தை எடுத்து டப்பாவில் போட தாராளமாகப் போதும்.

அந்த 600, 2400 என்ற எண்களை யாருடைய நிரலிலிருந்தும் காப்பி அடிக்காதீர்கள். ஒரே மாடலில் இரண்டு மோட்டார் வாங்கினாலும் எல்லைகள் கொஞ்சம் வேறுபடும். போர்டில் உள்ள 25 மெகாஹெர்ட்ஸ் கடிகாரமும் போர்டுக்கு போர்டு சில சதவீதம் விலகும். கையைச் சட்டத்தில் மாட்டுவதற்கு முன், ஒவ்வொரு மோட்டாரையும் 1500-ல் தொடங்கி 20, 20 மைக்ரோ செகண்டாக நகர்த்திப் பாருங்கள். மோட்டார் முனகத் தொடங்கினால் எல்லை வந்துவிட்டது. அங்கிருந்து கொஞ்சம் பின்வாங்கி அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பயன்படுத்தும்போதும் நடுவிலேயே இருங்கள், விளிம்புக்குப் போகாதீர்கள்.

ராஸ் 2 பக்கத்தில் என்ன நடக்கிறது?

ராஸ் என்பது ரோபோ ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்பதன் சுருக்கம். பெயரில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் இருந்தாலும், இது லினக்ஸ் போன்ற சிஸ்டத்தின் மேல் ஓடும் கருவித் தொகுப்பு. இதன் முதல் தலைமுறையின் கடைசிப் பதிப்பான நோயெட்டிக்குக்கான ஆதரவு 2025 மே மாதத்தில் முடிந்துவிட்டது. புதிதாகத் தொடங்குபவர்கள் ராஸ் 2-க்கே போக வேண்டும். 2024-ல் வந்த ஜாஸி பதிப்பு உபுண்டு 24.04-ல் ஓடும், 2029 மே வரை ஆதரவு உண்டு.

இணைக்க இரண்டு வழிகள் இருக்கின்றன.

எளிய வழி: பைத்தானில் ஒரு சின்ன நோட் எழுதுவது. மூட்டுக் கோணங்கள் வெளியாகும் தலைப்பைக் கேட்டுக்கொண்டிருந்து, வரும் ரேடியனை எண்ணாக மாற்றி போர்டுக்கு எழுதும். ஒரு மாலையில் முடிந்துவிடும். கற்றுக்கொள்ள நல்லது.

முறையான வழி: ராஸ்2 கண்ட்ரோல் என்ற கட்டமைப்பைப் பயன்படுத்துவது. இதில் மூன்று அடுக்குகள் உண்டு. மேலே, எந்தப் பாதையில் எந்த வேகத்தில் போக வேண்டும் என்று முடிவு செய்யும் கண்ட்ரோலர். நடுவில், எல்லாவற்றையும் சரியான நேரத்தில் ஓடவைக்கும் கண்ட்ரோலர் மேனேஜர். கீழே, உங்கள் போர்டைப் பற்றி மட்டும் தெரிந்த ஹார்டுவேர் இன்டர்ஃபேஸ். நீங்கள் எழுத வேண்டியது இந்தக் கீழ் அடுக்கை மட்டும்தான், பொதுவாக சி பிளஸ் பிளஸ் மொழியில்.

அந்தக் கீழ் அடுக்கில் இரண்டு முக்கிய வேலைகள் திரும்பத் திரும்ப நடக்கும். படி, எழுது. வழக்கமான அமைப்பில் இது விநாடிக்கு 100 முறை. படிக்கும்போது மூட்டு இப்போது எங்கே இருக்கிறது என்று மேலே சொல்ல வேண்டும். எழுதும்போது மேலிருந்து வந்த கட்டளையை போர்டுக்கு அனுப்ப வேண்டும்.

100 முறை என்பது ஐ2சி பாதைக்குத் தாங்குமா? தாங்கும். நிலையான 100 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் ஒரு சேனலுக்கு எழுத சுமார் அரை மில்லி செகண்ட் ஆகும். ஆறு சேனலுக்கு சுமார் 3 மில்லி செகண்ட். கையில் இருப்பது 10 மில்லி செகண்ட். ஆனால் இதற்கு மேல் வேகத்தைக் கூட்டுவதில் பலன் இல்லை. மோட்டார் பார்ப்பது விநாடிக்கு 50 பல்ஸ் மட்டுமே.

மோட்டாரைத் தொடும் முன் மென்பொருளைத் தனியாகச் சோதிக்கவும் வழி இருக்கிறது. ராஸ்2 கண்ட்ரோலிலேயே மாதிரி ஹார்டுவேர் ஒன்று உண்டு. முதலில் அதை வைத்து முழு ரோபோவையும் திரையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு அந்த இடத்தில் உங்கள் போர்டை மாற்றி வையுங்கள். அதன் பின் எது உடைந்தாலும் கோளாறு கீழ் அடுக்கில்தான் என்று உடனே தெரிந்துவிடும்.

'வெற்றி' என்று திரை சொன்னால் நம்பலாமா?

நம்பக் கூடாது. முதலில் சொன்ன முதல் சிக்கல் இங்கேதான் வந்து நிற்கிறது.

படிக்கும் வேலையில் மூட்டின் உண்மையான கோணத்தைத் தர வேண்டும். ஆனால் மோட்டார் எதையும் திருப்பிச் சொல்வதில்லையே? அதனால் பெரும்பாலான நிரல்களில் "கடைசியாக எந்தக் கோணம் அனுப்பினோமோ, அங்கேதான் கை இருக்கிறது" என்று எழுதி வைத்துவிடுவார்கள். வேறு வழியும் இல்லை.

இதன் விளைவு என்ன? கை ஒரு பெட்டியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. மோட்டார் சூடாகிக்கொண்டிருக்கிறது. ஆனால் கண்ட்ரோலர் தான் அனுப்பிய எண்ணையே திரும்பப் படித்துவிட்டு, வேலை வெற்றிகரமாக முடிந்தது என்று அறிவிக்கும். கேட்ட இடத்துக்கும் நின்ற இடத்துக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் பூஜ்யம். பிழையைப் பிடிப்பதற்காக வைத்த எல்லைகள் எதுவுமே வேலை செய்யாது.

கிளம்பும் நேரத்திலும் இதே பிரச்னை. பவர் போட்ட நொடியில் கை எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. முதல் பல்ஸ் வந்ததும் மோட்டார் தன் முழு வேகத்தில் அந்த இடத்துக்குப் பாயும். மென்பொருளில் நீங்கள் வைத்த வேகக் கட்டுப்பாடு அந்த முதல் பாய்ச்சலுக்குப் பொருந்தாது.

இதற்குச் சில நடைமுறைத் தீர்வுகள்:

ஓய்வு நிலை ஒன்றை முடிவு செய்யுங்கள். அணைப்பதற்கு முன் கை எப்போதும் அங்கே போகட்டும். அடுத்த முறை முதல் கட்டளையும் அதே நிலைக்கே இருக்கட்டும்.

போர்டுக்கு எண் போகும் கடைசி வரியில் எல்லைச் சோதனை வையுங்கள். ரோபோவின் வடிவத்தை விவரிக்கும் யுஆர்டிஎஃப் கோப்பில் எல்லை எழுதியிருப்பதை மட்டும் நம்பி விடாதீர்கள்.

கட்டளை உண்மையிலேயே ஓர் எண்தானா என்று பாருங்கள். கண்ட்ரோலர் தொடங்கும் முன் கட்டளை இடத்தில் 'எண் அல்ல' என்ற மதிப்பு இருக்கும். அதை அப்படியே கணக்கில் போட்டால் போர்டுக்குக் குப்பை எண் போகும்.

பிடிமானம் உண்மையிலேயே நடந்ததா என்று தெரிய வேண்டுமா? நுனியில் ஒரு சின்ன சுவிட்ச், அல்லது மேலே ஒரு கேமரா வையுங்கள். மோட்டார் சொல்லாததை வேறு ஒன்று சொல்ல வேண்டும்.

மென்பொருள் ஹேங் ஆனால் கை நிற்குமா?

நிற்காது. இது இரண்டாவது சிக்கல், ஆபத்தானதும் இதுதான்.

பிசிஏ9685 தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடுவது என்று பார்த்தோம். அந்த நல்ல குணமே இங்கே எதிராகத் திரும்புகிறது. நிரல் நின்றாலும், நெட்வொர்க் போனாலும், ஐ2சி வயரே கழன்று விழுந்தாலும், சிப்புக்குப் பவர் இருக்கும் வரை கடைசி பல்ஸ் வந்துகொண்டே இருக்கும். முட்டிக்கொண்டு நின்ற மோட்டார் முட்டிக்கொண்டே இருக்கும். கைப்பிடியில் விரல் மாட்டியிருந்தால் அதை விடவும் விடாது.

நிரலை முறையாக மூடினால் பல்ஸை நிறுத்தும்படி எழுதலாம். எழுதவும் வேண்டும். ஆனால் நிரல் கிராஷ் ஆகும்போது அந்த வரிகள் ஓடாது.

இதற்குத்தான் போர்டில் ஓஇ என்ற பின் இருக்கிறது. இதற்கு ஹை சிக்னல் கொடுத்தால் 16 சேனல்களின் பல்ஸும் உடனே நிற்கும். எதையும் மாட்டாமல் விட்டால், எப்போதும் இயங்கும் நிலையிலேயே இருக்கும். பெரும்பாலான செய்முறைகள் இந்தப் பின்னைக் கண்டுகொள்வதே இல்லை.

நல்ல அமைப்பு இப்படி இருக்கும். உங்கள் நிரல் ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு பின்னை மாற்றி மாற்றி ஹை, லோ செய்யட்டும். இது அதன் நாடித்துடிப்பு. ராஸ்பெர்ரி பை பிக்கோ போன்ற ஒரு சின்ன மைக்ரோகண்ட்ரோலர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். 200 மில்லி செகண்ட் வரை துடிப்பு வரவில்லை என்றால் அது ஓஇ பின்னை ஹை ஆக்கிவிடும். இதற்கு வாட்ச்டாக் என்று பெயர்.

இதோடு கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு எமர்ஜென்சி ஸ்டாப் சுவிட்ச். அது மோட்டார் பவரையே துண்டிக்க வேண்டும். மென்பொருளுக்கு "நிறுத்து" என்று செய்தி அனுப்பும் பட்டன் இதற்கு ஈடாகாது.

ஒன்றை மறக்க வேண்டாம். பல்ஸ் நின்றால் பெரும்பாலான சாதாரண செர்வோக்கள் தளர்ந்துவிடும். தூக்கிய கை கீழே விழும். சில டிஜிட்டல் செர்வோக்கள் பல்ஸ் நின்ற பிறகும் கடைசி இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். உங்களுடையது எந்த வகை என்று கையில் எடையில்லாதபோதே சோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

யுஎஸ்பி போர்டு வாங்கினால் இந்தச் சிக்கல்கள் தீருமா?

ஓரளவு தீரும். போலோலு நிறுவனத்தின் மேஸ்ட்ரோ வரிசை நல்ல எடுத்துக்காட்டு. 6, 12, 18, 24 சேனல்களில் கிடைக்கிறது. நேராக லேப்டாப்பின் யுஎஸ்பியில் மாட்டலாம். கால் மைக்ரோ செகண்ட் வரை துல்லியம் உண்டு. வேகம், முடுக்கம் இரண்டுக்கும் போர்டிலேயே வரம்பு வைக்கலாம். குறிப்பிட்ட நேரத்துக்குள் கட்டளை வராவிட்டால் பிழை என்று எடுத்துக்கொண்டு, மோட்டாரை அணைக்கவோ சொன்ன இடத்துக்குக் கொண்டுபோகவோ அமைக்கலாம். அதாவது வாட்ச்டாக் உள்ளேயே வந்துவிடுகிறது. அதை நீங்கள்தான் ஆன் செய்ய வேண்டும்.

இதில் தடுக்கி விழும் இடங்கள் மூன்று.

முதலாவது, பெட்டியிலிருந்து எடுத்ததும் இந்த போர்டு யுஎஸ்பி வழியாக வரும் சீரியல் கட்டளையைக் கேட்கும் நிலையில் இருக்காது. செட்டிங் மென்பொருளில் 'யுஎஸ்பி டூயல் போர்ட்' என்று மாற்ற வேண்டும்.

இரண்டாவது, லினக்ஸில் இது இரண்டு சீரியல் போர்ட்டுகளாகத் தெரியும். அதில் ஒன்றுதான் கட்டளைக்கானது. அனுமதி இல்லை என்று பிழை வந்தால், உங்கள் பயனர் கணக்கை 'டயல் அவுட்' குழுவில் சேர்த்துவிட்டு லாக் அவுட் செய்து மீண்டும் வாருங்கள்.

மூன்றாவது, இது எண்ணைக் கால் மைக்ரோ செகண்ட் கணக்கில் கேட்கும். 1500 மைக்ரோ செகண்ட் வேண்டும் என்றால் 6000 அனுப்ப வேண்டும். 1500 என்றே அனுப்பினால் அது 375 மைக்ரோ செகண்டாகிவிடும்.

ஆனாலும் கை எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு இதனாலும் பதில் சொல்ல முடியாது. போர்டு எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் மோட்டார் ஊமைதான்.

பதில் சொல்லும் மோட்டார்கள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. ரோபோடிஸ் நிறுவனத்தின் டைனமிக்சல், ஃபீடெக் நிறுவனத்தின் எஸ்டிஎஸ்3215 போன்றவை பஸ் செர்வோ வகை. இவற்றில் பல்ஸ் கிடையாது. ஒவ்வொரு மோட்டாருக்கும் ஓர் எண் இருக்கும், எல்லாம் ஒரே வயரில் வரிசையாகத் தொடுத்து மாட்டப்படும். கட்டளை போகும், பதிலும் வரும். கோணம், வெப்பம், மின்னழுத்தம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஹக்கிங் ஃபேஸ் நிறுவனத்தின் லெரோபோட் திட்டத்தோடு பிரபலமான எஸ்ஓ-100 ரோபோ கையில் இருப்பதும் எஸ்டிஎஸ்3215 மோட்டார்கள்தான். ஒரு கையை மனிதர் அசைக்க, இன்னொரு கை அதைப் பார்த்துச் செய்யும் முறைக்குக் கோணத்தைத் திருப்பிச் சொல்லும் மோட்டார் இல்லாமல் வழியில்லை.

விலை கூடுதல் என்பது உண்மை. தலையாட்டும் பொம்மை, கேமராவைத் திருப்பும் தாங்கி, வகுப்பறை டெமோ ஆகியவற்றுக்கு பிசிஏ9685 போதும். ரோபோ தானாகக் கற்க வேண்டும், பக்கத்தில் மனிதர்கள் நிற்பார்கள், நீண்ட நேரம் ஓட வேண்டும் என்றால் பஸ் செர்வோவுக்குப் போவதே சிக்கனம்.

கோளாறு வந்தால் எங்கே பார்ப்பது?

எல்லா மோட்டாரும் ஒன்றாக நடுங்குகின்றனவா? பவர் சப்ளை போதவில்லை அல்லது கிரவுண்ட் சரியாக இணையவில்லை.

ஒரே ஒரு மோட்டார் மட்டும் முனகிச் சூடாகிறதா? அதன் எல்லை எண்கள் தவறு, அல்லது சட்டத்தில் இறுக்கமாகப் பூட்டியிருக்கிறீர்கள்.

ஒரு மூட்டு எதிர்த் திசையில் போகிறதா? யுஆர்டிஎஃப் கோப்பில் உள்ள அச்சின் திசையும் மோட்டார் மாட்டிய திசையும் ஒத்துப்போகவில்லை. குறியை ஒரே ஓர் இடத்தில் மட்டும் மாற்றுங்கள்.

மூட்டு கேட்டதைவிட மிகக் குறைவாகவோ மிக அதிகமாகவோ திரும்புகிறதா? டிகிரியும் ரேடியனும் எங்கோ கலந்துவிட்டன.

மோட்டார் கிளம்பும்போது ராஸ்பெர்ரி பை அணைகிறதா? இரண்டு பவரும் எங்கோ ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

திரையில் கை நகர்கிறது, நிஜத்தில் அசையவே இல்லையா? இன்னும் மாதிரி ஹார்டுவேர்தான் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இந்த அனுபவம் வேலையில் உதவுமா?

தொழிற்சாலை ரோபோக்களில் ஹாபி செர்வோ இருக்காது. அங்கே ஈதர்கேட் போன்ற பாதைகளில் பேசும் பெரிய டிரைவ்கள் இருக்கும். ஆனால் கட்டமைப்பு இதேதான். மேலே கண்ட்ரோலர், கீழே ஹார்டுவேர் அடுக்கு, நடுவில் படி, எழுது என்ற சுழற்சி. அந்த டிரைவ்கள் தங்கள் நிலையைத் திருப்பிச் சொல்லும். கம்ப்யூட்டரிடமிருந்து செய்தி வருவது நின்றால் தாங்களே பாதுகாப்பான நிலைக்குப் போகும் வாட்ச்டாக் வசதியும் அவற்றில் உண்டு. மேஜை மேல் இருக்கும் சின்ன போர்டில் இல்லாத அந்த இரண்டையும் நீங்களே கட்டிப் பார்த்திருந்தால், அவை அங்கே எதற்காக இருக்கின்றன என்பது தானாகப் புரியும்.

தொடங்குபவர்களுக்கு வேலை வரிசை இதுதான். முதலில் பவர், கிரவுண்ட். அடுத்து முகவரி 40 தெரிகிறதா என்ற சோதனை. பிறகு ஒரே ஒரு மோட்டார், சட்டத்தில் மாட்டாமல். அதன் எல்லைகளை அளந்து குறித்த பிறகு ஓஇ பின்னும் ஸ்டாப் சுவிட்சும். மாதிரி ஹார்டுவேருடன் ராஸ் 2. கடைசியாகத்தான் முழுக் கை. முதல் ஓட்டத்தின்போது ஒரு கை ஸ்டாப் சுவிட்ச் மேல் இருக்கட்டும், ரோபோவின் கை எட்டும் தூரத்துக்கு வெளியே முகம் இருக்கட்டும்.